செத்த கம்பி

நாலாம் நாள்தான் மழை கொஞ்சம் மூச்சு வாங்கியது.
முக்கூடலில் ஆற்றுக்கு இறங்கும் தெருவில்
வேம்பு விழுந்து இழுத்துப்போட்ட கம்பியை
மறுபடி கட்டப் போனோம், நானும் முப்புடாதியும்.

டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கி
பியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி
என் பையிலேயே போட்டுக்கொண்டாயிற்று.
கட்டை என்னிடம் இருந்தால் கரண்டும் என்னிடம்.
பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கம்பத்தில் ஏறி, தொடுமுன்
டெஸ்டரை நீட்டினால்
செத்த கம்பியில் சிவப்பாக ஒரு பொட்டு.

"ஏலே, கட்டையை எவம்லே போட்டான்?"
"கட்ட ஒங்க பையிலல்லா கெடக்கு, அண்ணாச்சி."

இறங்கினேன். முட்டு ஆடியது,
சொல்வதில் வெட்கமில்லை.

தெருவே பூட்டிக் கிடந்தது,
சனமெல்லாம் பள்ளிக்கூட முகாமில்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.
தவளை. ஓட்டுச் சொட்டு. தூரத்தில் ஆற்றின் உறுமல்.
அதற்கும் அடியில்
பொத்திய கைக்குள் வண்டு கத்துவதுபோல்
ஒரு எஞ்சின்.

போகிற வழியிலேயே வசவுகளை அடுக்கிக்கொண்டேன்.
நல்ல வசவுகள், எங்கம்மை வழி வந்தவை.

கோயில்பிச்சை சார் வீடு.
மழைக்குப் பயந்து சன்னலெல்லாம் சாத்தியிருந்தது.
உள்ளே ஃபேன் ஓடும் சத்தம்.
தட்டினேன். தாழ்ப்பாளை ஆட்டினேன்.
காலை பதினொரு மணிக்கு
ஒரு வீடு இப்படியா தூங்கும்?

முப்புடாதி கடப்பாறையைக் கதவிடுக்கில் கொடுத்தான்.
முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல்
எமல்டா அக்காவை வாசலுக்கு இழுத்தோம்,
பிறகு மகளை, கடைசியில் சாரை.
ஒவ்வொரு தடவையும் மூச்சை அடக்கி உள்ளே ஓடி
வெளியே வந்துதான் விட்டோம்.
சார் கன்னம் வெயில் பட்ட மாதிரிச் சிவந்திருந்தது,
நாலு நாளாய் வெயிலே இல்லாத ஊரில்.

மாடிப்படிக்குக் கீழே ஷட்டரை முக்கால்வாசி இறக்கி
வாடகை ஜெனரேட்டர், சங்கிலி போட்டுப் பூட்டி.
மழை படாமல், களவு போகாமல்
எவ்வளவு அக்கறையாய் வைத்திருந்தார்!
அது விட்ட மூச்சு மட்டும்
நிறமில்லாமல், வாடையில்லாமல்
செருப்பைக் கழற்றாமல்
எல்லா அறைக்கும் போயிருக்கிறது.

அதிலிருந்து ஒரு ஒயர் சமையலறை பிளக்குக்கு,
இரண்டு முனையிலும் பல் வைத்தது.
மண்ணுளிப் பாம்புக்கும் இரண்டு தலை என்பார்கள்,
அது கடிப்பதில்லை.
மெயினை இறக்காமல் மாட்டியதால்
வீட்டுக்குள் போன கரண்ட் சுவர் வழியே தெருவுக்கு வந்து
கம்பத்தில் எனக்காகக் காத்திருந்தது.

ஆம்புலன்ஸ் சுற்றி வர நாற்பது நிமிஷம்.
வாந்தி எடுத்துவிட்டு அக்கா சொன்னாள்:
"பாலில்லாத காப்பி குடிச்ச தலவலின்னுல்லா நெனச்சேன்."
அடுக்கிய வசவில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

அவர் மெயினை இறக்கியிருந்தால்
எனக்கு அந்தப் பொட்டு தெரிந்திருக்காது.
கம்பியைக் கட்டிவிட்டு
அடுத்த தெருவுக்குப் போயிருப்பேன்.
இதை யாரிடம் எப்படிச் சொல்வதென்று
இன்னும் பிடிபடவில்லை.

இரண்டு வாரம் கழித்து சார் ஆபீசுக்கு வந்தார்.
மெலிந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.
"எவ்வளவு தள்ளி வைக்கணும்?"
சுவரிலிருந்து தென்னை வரைக்கும்
அடி எண்ணி நடந்து காட்டினேன், இருபது.
"புகைக்குழாய்?"
"வீட்டுக்கு முதுகு காட்டி. ஃப்ரிட்ஜ் ஒயரை நேரா அதுலயே சொருகுங்க,
சுவத்துப் பக்கம் போவாதிய."
"பெட்ரோல் ஊத்த?"
"நிறுத்தி, ஆறவிட்டு."
"மழை பெஞ்சா?"
"நாலு கம்பு நட்டு மேல தகரம். பக்கமெல்லாம் தொறந்து கெடக்கட்டும்."

கொஞ்ச நேரம் தென்னையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அவ்வளவு தூரத்துல வச்சா
ராத்திரி எவனாவது தூக்கிட்டுப் போயிருவானே?"

"போவட்டும் சார்" என்றேன்.